கெற்றப்போலில் குறி பிசகாமல் அடிக்க: மண்ணுருண்டை முதல் றப்பர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் வளர்ந்த எவருக்கும் கெற்றப்போல் பிடிக்கச் சொல்லித்தரத் தேவையில்லை. வயலில் கிளி இறங்கும், வளவுக்குள் குரங்கு பாயும். ஒரு கவர்த்தடியும் பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு கீற்றும் செருப்புத்தோல் துண்டும் போதும் என்றுதான் சின்ன வயதில் இருந்து பழகி வந்திருக்கிறோம். ஆனால் பத்து மீற்றருக்கு அப்பால் ஒரு ரின்பால் பேணியை வைத்து, ஐந்து தரம் அடித்து ஐந்தும் படவேண்டும் என்றால் எங்களில் பலருக்கு முடியாது. மூன்று படும், இரண்டு விலகும். கை சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியவர் கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா. அவர் அங்கே அனுமதிப்பத்திரத்துடன் இலக்குத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர். வவுனிக்குளம் பக்கம் எங்கள் வளவில் நான் கல்லால் பேணி அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காற்சட்டைப் பையில் இருந்த கற்களை வாங்கித் திண்ணையில் வரிசையாக வைத்தார்.

“தம்பி, இதில ரெண்டு கல்லாவது ஒரே மாதிரி இருக்கோ?”

இருக்கவில்லை. ஒன்று புளியங்கொட்டை அளவு, ஒன்று பாக்கு அளவு.

அவர்களுடைய விளையாட்டில் ஒவ்வொரு ரவையையும் தாங்களே தயாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பித்தளைக் கோதுகளை எடைபோட்டுப் பிரிப்பார்கள். வெடிமருந்தைக் கிரெயின் என்ற அலகில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் 0.065 கிராமுக்குச் சற்றுக் குறைவு. குண்டு கோதுக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் மாற்றி மாற்றிச் சோதிப்பார்கள். துப்பாக்கியை மரக்கட்டையில் இறுக்கும் திருகாணியைக்கூட எப்போதும் ஒரே முறுக்கில்தான் இறுக்குவார்கள். அது அந்த நாட்டுச் சட்டத்துக்குள் நடக்கிற விளையாட்டு. இங்கே அதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. அதில் இருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: கையை விட்டுப் போகிற பொருளும் அதைத் தள்ளுகிற விசையும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல இருந்தால், கை தானாகவே நல்ல கையாகத் தெரியும். கெற்றப்போலுக்கும் இது அப்படியே பொருந்தும்.

தொடங்கும் முன்: நிலமும் கண்ணும்

எங்கள் மண்ணுக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் கிடக்கும் இரும்புக் குண்டு எதையும் உண்டையாகப் பயன்படுத்த எடுக்காதீர்கள். பளபளப்பான சின்ன உருண்டையாக இருந்தாலும், துருப்பிடித்த துண்டாக இருந்தாலும் ஒன்றுதான். போர்க்காலத்துக் கிளைமோர் கண்ணிவெடிகளுக்குள் இப்படிப்பட்ட இரும்புக் குண்டுகள்தான் நிரப்பப்பட்டிருந்தன. ஒன்று கிடக்கிற இடத்தில் வெடிக்காத இன்னொன்றும் கிடக்கலாம். மிதிவெடிப் பலகை இருக்கிற பக்கம் மண் எடுக்கவும் போகக்கூடாது. பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

இரண்டாவது, கண். றப்பர் அறுந்தால் அது திரும்பி வருவது முகத்துக்குத்தான். வெல்டிங் கடைகளில் விற்கும் வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி போதும். இலக்குக்குப் பின்னால் சுவர் வேண்டாம். பழைய சாக்கையோ போர்வையையோ தளர்வாகத் தொங்கவிடுங்கள். தொங்கும் துணி உருண்டையின் விசையைக் குடித்துவிடும். அதற்கும் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத திசையைத் தேர்ந்தெடுங்கள். உயிருள்ள எதையும் குறி வைக்க வேண்டாம். வயலில் கிளியைக் கலைக்க ஒரு தகரத்தைத் தொங்கவிட்டு அதில் அடித்தாலே போதும், சத்தத்துக்குக் கூட்டம் எழும்பிவிடும்.

உருண்டை: வேலையில் பாதி இங்கேதான்

ஏன் களிமண்? சைக்கிள் கடையில் பின்சில்லுக்குப் போடும் கால் அங்குலக் குண்டு புதிதாகவே வாங்கலாம். ஒவ்வொன்றும் ஒரு கிராமுக்குச் சற்றுக் கூட, எல்லாம் ஒரே அளவு. ஆனால் இரும்பு கல்லில் பட்டால் தெறித்துத் திரும்பி வரும். கண்ணாடிப் போளையும் அப்படித்தான், உடைந்தால் துண்டுகள் வேறு. காய்ந்த மண்ணுருண்டை பட்ட இடத்திலேயே நொறுங்கும், மழைக்குக் கரைந்து மண்ணாகிவிடும். அளவைச் சீராக்க மட்டும் நாங்கள் கொஞ்சம் பாடுபட வேண்டும்.

ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றும்போது கரையோரத்தில் நல்ல களி கிடைக்கும். குளக்கட்டில் கை வைக்காதீர்கள், அது ஊருக்கே காவல். புற்றுமண்ணும் மிக நல்லது, நயமாக ஒட்டும். ஆனால் கும்பிடுகிற புற்றைத் தொட வேண்டாம், பாம்பு இருக்கிற புற்றைச் சொல்லவே தேவையில்லை. எடுத்த மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் கலக்கி, பழைய வேட்டித் துணியால் வடித்து, கல்லும் வேரும் போன பிறகு அடியில் படியவிடுங்கள். மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு, ரொட்டி மா பதத்துக்கு வரும்வரை நிழலில் வையுங்கள். வெறும் களி காயும்போது வெடிக்கும். ஐந்து பங்குக்கு ஒரு பங்கு சலித்த மெல்லிய மணல் சேர்த்தால் வெடிப்பு நன்றாகக் குறையும். பிறகு பிசையுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் உருண்டையின் பாரம் ஒரு பக்கம் சாயும். ஆகவே கை வலிக்கும்வரை பிசைவது வீண் வேலையல்ல.

இப்போது அளவு. கண்பார்வையில் உருட்டினால் ஒவ்வொன்றும் ஒரு அளவுதான் வரும். மருந்துக்கடையில் 10 மில்லிலீற்றர் சிறிஞ்சு ஒன்று வாங்கி, ஊசி பொருத்தும் முனையைக் கூரான கத்தியால் முழுவதும் வெட்டி எடுத்துவிடுங்கள். உள்ளே களியை இறுக்கி நிரப்பி, கோட்டைப் பார்த்து 1.5 மில்லிலீற்றர் தள்ளி, நூலால் அறுங்கள். அடுத்த 1.5, அடுத்த அறுப்பு. இப்படி அறுத்த துண்டை உருட்டினால் ஈரத்தில் 14 மில்லிமீற்றர் விட்டம் வரும், காய்ந்ததும் 13 அளவுக்குச் சுருங்கும். எடை இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். மண்ணுக்கு மண் இது மாறும், அதனால் ஒரு தொகுதியை ஒரே வாளி மண்ணிலேயே செய்து முடியுங்கள். அரைகுறையாக விட்டு மறுவாரம் வேறு மண்ணில் தொடராதீர்கள்.

உள்ளங்கையில் உருட்டிய பிறகு, இரண்டு வழுவழுப்பான பலகைகளுக்கு நடுவே வட்டமாக உருட்டுங்கள். கையில் உருட்டியது முட்டை வடிவத்துக்குச் சாயும், பலகை அதைத் திருத்தும். நிழலில் நான்கு நாள், பிறகு வெயிலில் ஒரு நாள். நேரே வெயிலில் வைத்தால் வெளித்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் நின்று வெடிக்கும். சூளை வைக்கத் தேவையில்லை. சுட்ட உருண்டை உடையாமல் தெறிக்கத் தொடங்கிவிடும்.

காய்ந்ததும் பிரிப்பு. ஒரு கண்ணாடித் தட்டைச் சற்றே சரித்து, உருண்டைகளை ஒவ்வொன்றாக உருளவிடுங்கள். நேரே ஓடுவது நல்லது. வளைந்து ஓடுவதைப் பழக்கத்துக்குத் தனியே வையுங்கள். நகைக்கடையில் இருப்பது போன்ற சின்ன டிஜிற்றல் தராசு இருந்தால் ஒவ்வொன்றையும் நிறுங்கள். இல்லாவிட்டால் ஒரு நல்ல ஈர்க்கின் நடுவில் நூல் கட்டித் தூக்கி, இரு நுனியிலும் கடதாசித் தட்டுத் தொங்கவிட்டால் அதுவே தராசு. ஒரு பக்கம் நீங்கள் தேர்ந்த தாய் உருண்டை, மறுபக்கம் சோதிக்கும் உருண்டை. கிராம் தெரியத் தேவையில்லை, சமமா இல்லையா என்பது தெரிந்தால் போதும். பாரமானது, நடுத்தரம், இலேசானது என்று மூன்று பேணி வையுங்கள். ஒரு தடவை அடிக்கும்போது ஒரே பேணியில் இருந்து மட்டும் எடுங்கள்.

இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்பவர்களுக்கு உயர்தரத்தில் படித்த எறியக் கணக்கு பதில் சொல்லும். உருண்டை வினாடிக்கு 40 மீற்றர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீற்றரைக் கடக்க கால் வினாடி. அதற்குள் ஈர்ப்பு அதை ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் கீழே இழுத்துவிடும். உருண்டை பத்து வீதம் பாரமாக இருந்தால் அதே றப்பர் கொடுக்கும் வேகம் 38 அளவுக்குக் குறையும், விழுகை 34 ஆகும். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமலே மூன்று, நான்கு சென்ரிமீற்றர் வித்தியாசம். ரின்பால் பேணியின் விட்டத்தில் ஏறத்தாழப் பாதி அது. கை எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் இந்தப் பிசகைத் திருத்த முடியாது.

றப்பர்: சோடி பார்த்துக் கட்டுதல்

சைக்கிள் ரியூப் எல்லாம் ஒன்றல்ல. இப்போது வருகிற கறுப்பு ரியூப்புகளில் பல பியூட்டைல் வகை. காற்றை நன்றாகப் பிடிக்கும், ஆனால் இழுத்து விட்டால் சோம்பலாகத்தான் திரும்பும். இயற்கை றப்பர் ரியூப் விட்டவுடன் சுருக்கென்று சுருங்கும். ஒரு துண்டை இழுத்துவிட்டுப் பார்த்தால் கையே சொல்லிவிடும். உடற்பயிற்சிக்கு விற்கும் லேற்றக்ஸ் பட்டி கிடைத்தால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

வெட்டும்போது கத்தரிக்கோல் வேண்டாம். கண்ணாடித் தட்டில் றப்பரை இழுக்காமல் விரித்து, இரும்பு அடிமட்டத்தை அழுத்திப் பிடித்து, புது பிளேட்டால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். இரண்டாம் முறை வெட்டினால் ஓரத்தில் ஒரு சின்னப் பல் விழும். அறுதல் அங்கேதான் தொடங்கும். கவர்ப்பக்கம் அகலமாகவும் தோல்பக்கம் ஒடுக்கமாகவும், 20 மில்லிமீற்றரில் இருந்து 12க்குச் சரிந்து வரும்படி வெட்டினால், முன்னே ஓட வேண்டிய பக்கத்தில் பாரம் குறைந்து வேகம் கூடும். நீளத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: கவரில் இருந்து கன்னம் வரை உங்கள் இழுவை 75 சென்ரிமீற்றர் என்றால், லேற்றக்சுக்கு அதை நாலரையால் வகுத்து 17 அளவு, ரியூப்புக்கு மூன்றால் வகுத்து 25 அளவு. கட்டுக்குப் போகும் நீளம் இதற்கு மேலதிகம்.

அடுத்து நான் மிக முக்கியமாகக் கருதும் படி. வெட்டிய கீற்றுகளை உடனே கட்டிவிடாதீர்கள். புது றப்பர் முதல் சில இழுப்புகளில் இளகும், பிறகுதான் ஒரு நிலைக்கு வரும். ஒவ்வொன்றையும் இருபது தரம் முழு நீளத்துக்கு இழுத்துப் பழக்குங்கள். பிறகு ஓர் ஆணியில் தொங்கவிட்டு, கீழ்நுனியில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கட்டுங்கள். ரியூப் என்றால் ஒன்றரை லீற்றர். ஒரு நிமிடம் கழித்து எவ்வளவு நீண்டது என்று அளந்து, பேனையால் கீற்றிலேயே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே பொழுதில், ஒரே போத்தலால், அதே ஒரு நிமிடத்தில் அளக்க வேண்டும். இரண்டு மில்லிமீற்றருக்குள் ஒத்து வருகிற இரண்டு கீற்றுகள்தான் ஒரு சோடி. நான் பத்து வெட்டினால் மூன்று சோடி, மிஞ்சினால் நான்கு சோடி தேறும். மிச்சம் கட்டுக் கட்டப் பயன்படும்.

சோடி சேராத றப்பர் என்ன செய்யும்? பலமான பக்கம் முதலில் ஓடி, தோலைத் திருப்பிவிடும். உருண்டை பக்கவாட்டில் விலகும். சில வேளை கவரிலேயே மோதி உடையும்.

தோலுக்கு மெல்லிய ஆட்டுத்தோல் போதும்: 60க்கு 18 மில்லிமீற்றர். நடுவில் உருண்டை உட்கார ஒரு சின்னத் துளை, இரு ஓரத் துளைகளும் நடுவில் இருந்து சரிசமத் தூரம். தடித்த செருப்புத்தோல் வேண்டாம், அந்தப் பாரத்தையும் றப்பர்தான் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

கவர்

கொய்யா நல்லது, விளாவும் நல்லது. பச்சையில் வெட்டியதும் வெட்டுமுகங்களில் மெழுகோ பெயின்றோ பூசி, அடுப்படிப் பரணில் ஒன்றிரண்டு மாதம் காயவிட்டால் வெடிக்காது. இரு கொம்பு நுனிகளுக்கும் இடையில் எட்டு ஒன்பது சென்ரிமீற்றர். மேசையில் நிறுத்திப் பார்த்தால் இரு நுனியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், றப்பர் கட்டும் வெட்டுகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பிடி உள்ளங்கையில் ஒரே விதமாக உட்காரும்வரை சீவி, சாண்ட்பேப்பர் போடுங்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வேறு விதமாகப் பிடிபடுகிற கவரை வைத்துக்கொண்டு மற்ற எதையும் திருத்த முடியாது.

பிடிப்பும் இழுப்பும்

கவரை நிமிர்த்திப் பிடிக்காமல் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். மேல் றப்பர் கண்ணுக்கு நேரே ஒரு கோடாக நிற்கும், மேல்நுனி குறியாகும். இழுத்த கை ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரே இடத்தைத் தொட வேண்டும். எனக்கு அது வாய் மூலை. கை சரியாக வந்ததா என்று நம்புவதைவிட, கவரில் ஒரு நூல் கட்டி, இழுவை முடிகிற நீளத்தில் முடிச்சுப் போட்டுப் பெருவிரலில் படுமாறு வைத்துக் கொஞ்ச நாள் பழகுங்கள். ஒரு சென்ரிமீற்றர் கூட இழுத்தால் பத்து மீற்றரில் உருண்டை ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரும்.

தோலை முறுக்காமல் தட்டையாகப் பிடித்து, விரல்களைத் திறந்து விடுங்கள். எறிவது போல முன்னே தள்ளாதீர்கள்.

சோதித்தல்

இதைப் பொறுமையாகச் செய்கிறவர்களுக்குத்தான் மற்ற எல்லா வேலைக்கும் பலன் கிடைக்கும். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, சாக்குக்கு முன்னால் தொங்கவிடுங்கள். பத்து மீற்றரை நாடாவால் அளந்து கோடு போடுங்கள். காலடிக் கணக்கு வேண்டாம். முதல் இரண்டு அடியைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள், றப்பர் சூடேறட்டும். பிறகு ஐந்து அடி. ஐந்து துளைகளில் மிகத் தூரமாக இருக்கும் இரண்டின் நடுவுக்கு நடுவை அளந்து, ஒரு சீஆர் கொப்பியில் எழுதுங்கள்: திகதி, நேரம், எந்தப் பேணி, எந்தச் சோடி, காற்று, அளவு. புள்ளியில் பட்டதா என்பது இப்போது முக்கியமில்லை. ஐந்தும் ஓரிடத்தில் கூடுகிறதா என்பதே கேள்வி. கூடிய கூட்டத்தை நகர்த்துவது குறியை மாற்றுகிற சின்ன வேலை.

மூன்று அடியை வைத்து முடிவு எடுக்காதீர்கள். மூன்று அடி தற்செயலாகக் கூடிவிடும், அது உங்களை ஏமாற்றும். ஐந்தைந்தாக நான்கு தாள் அடித்து, நான்கின் சராசரியை எடுங்கள். மிகச் சிறந்த தாளைச் சுவரில் ஒட்டிவைக்கலாம், ஆனால் கொப்பியில் சராசரிதான் போகவேண்டும். பிறகு ஒன்றை, ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் நான்கு தாள். உருண்டையையும் றப்பரையும் ஒரே நாளில் மாற்றினால் எது திருத்தியது, எது கெடுத்தது என்று தெரியவே தெரியாது. நான் ஒரு முழு மாதத்தை இப்படித்தான் இழந்தேன்.

தாளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். துளைகள் மேலும் கீழுமாக நீண்டு நின்றால் வேகம் மாறுகிறது: உருண்டை எடையைப் பாருங்கள், இழுவை நீளத்தைப் பாருங்கள். இடமும் வலமுமாக விரிந்தால் றப்பர் சோடியையும், தோல் துளைகளையும், மணிக்கட்டையும் பாருங்கள். நான்கு கூடி ஒன்று மட்டும் தனியே போனால், அந்த உருண்டை வளைந்து ஓடுகிற பேணியில் இருந்து தவறி வந்ததோ என்று முதலில் சந்தேகியுங்கள். கூட்டம் நாளுக்கு நாள் மெல்லக் கீழே இறங்கினால் றப்பர் களைத்துவிட்டது. தோல் கட்டுக்குப் பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள், இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒற்றைக் கீற்றை மட்டும் மாற்றினால் சோடி போய்விடும்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மத்தியானச் சோதனை வீண். இரண்டு கிராம் மண்ணைக் காற்று சும்மா விடாது. விடிந்து காற்று எழும்ப முதல் அடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் றப்பர் குளிர்ந்து சற்று மந்தமாக இருக்கும், அதனால் காலைத் தாளைக் காலைத் தாளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மாரிக்கு முன்

ஐப்பசி மழை தொடங்கினால் காய்ந்த உருண்டை ஈரத்தைக் குடித்துப் பாரமாகும், நீங்கள் நிறுத்துப் பிரித்ததெல்லாம் குழம்பிவிடும். இறுகிய மூடியுள்ள பால்மா ரின்னில், அடியில் ஒரு கை கரித்துண்டு போட்டு, மேலே துணி விரித்து உருண்டைகளை அடுக்குங்கள். றப்பர் சோடிகளுக்கு முகப்பவுடர் தடவி, வெயில் படாத இடத்தில், இழுபடாமல் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு சோடியிலும் அதன் போத்தல் அளவை எழுதிய துண்டைக் கட்டிவிடுங்கள். காலபோகக் கதிர் முற்றி, வயல் காவலுக்குப் போகிற நாளில் ஒரு ரின்னும் ஒரு சோடியும் எடுத்துக்கொண்டால் சரி. கொட்டிலில் இருந்தபடியே, தொங்குகிற தகரத்தின் நடுவில் அடிக்கலாம்.